கதவுக்கு இந்தப் பக்கம்

“அக்கா, நீங்க இன்னிக்கு வெளியவே உக்காந்துக்கறீங்களா” என்று அந்தப் பெண் கேட்டபோது அது கேள்வியா உத்தரவா என்று கலாமணிக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஒரு கை நாச்சிமுத்துவின் சக்கர நாற்காலிப் பிடியில் இருந்தது, இன்னொரு கை கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் கலாமணியும் நுழைந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படித்தான் நுழைந்திருக்கிறாள், சுவரோரம் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் புருசன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குச் சக்கர நாற்காலி மட்டும் உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொள்ளும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது, அதற்குள் கதவு மறுபடி கொஞ்சம் திறந்து, விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அந்த நிலோஃபரின் தலை மட்டும் வெளியே வந்தது. “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க முகத்தப் பாத்தா அவருக்கு ஒடம்பு ஞாபகம் வந்துருது. அதான்.” தலை உள்ளே போயிற்று.

அதான். அந்த அதானுக்கு அப்புறம் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி கலாமணி நினைத்தாள், அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அதான் என்று நிறுத்த முடியுமா. மூஞ்சி ஞாபகப்படுத்துகிறது. கண்ணாடி பார்த்து எத்தனை நாள் ஆயிற்று, காலையில் பொட்டு வைக்கும்போது பொட்டு வைக்கிற இடத்தை மட்டும் பார்க்கிறாள், மற்றதைப் பார்ப்பதில்லை. கூடையிலிருந்து போனை எடுத்து அணைந்திருந்த கறுப்புத் திரையில் முகத்தைப் பார்த்தாள். கீறல் விழுந்த திரையில் ஒரு நெற்றி, இரண்டு குழி, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இந்த மூஞ்சியா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது இதைப் பார்த்துத்தானே சரி என்றார், வேறெதைப் பார்த்தார், பேசக்கூட இல்லை. இந்த மையத்துக்கு வந்ததே அவள் பிடிவாதத்தில். முதுகெலும்பில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பிறவியிலேயே கைகால் வராதவர்கள் என்று வருகிற இடம், காலையில் கையை நீட்டுவதும் மடக்குவதுமாகப் பயிற்சி, புதன்கிழமை மத்தியானம் மட்டும் மேசைப்பந்து, கொட்டு என்று விளையாட்டு. விளையாட்டும் சிகிச்சைதான் என்று டாக்டர் சொன்னபோது, இடுப்புக்குக் கீழே செத்துப்போன மனுசனுக்கு விளையாட்டு எதுக்குங்க என்று நாச்சிமுத்து சுவரைப் பார்த்துச் சொன்னார். கலாமணிதான், ஏதோ ஒன்று, போய்த்தான் பார்ப்போமே, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு இது தேவலையே என்று செல்வன் ஆட்டோவை வரச்சொல்லிக் கூட்டி வந்தாள். கூட்டி வந்தவளைத்தான் வெளியே உட்காரச் சொல்கிறார்கள். கோபம் வந்தது, வந்த கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் அதுவே எழுந்து போய்விட்டது, ஏனென்றால் போன வாரங்களில் அவள் பக்கத்தில் இருந்தபோது நடந்ததை அவளே பார்த்திருக்கிறாள். மட்டையைக் கையில் கொடுப்பார்கள். எதிரே இன்னொரு சக்கர நாற்காலியில் ராபர்ட் பந்தைத் தட்டிவிடுவார். பந்து வந்து இவரைத் தாண்டிப் போகும். இவர் பந்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்ப்பார். ஏன் தன்னைப் பார்க்கிறார், தைரியத்துக்குத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தைரியத்துக்கு இல்லை. அப்படியானால் எதற்கு. மேலே ஏசி குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே வைத்திருந்த பெயிண்ட் வாளியில் ஒரு காக்கா எட்டி எட்டிக் குடித்தது, பினாயில் வாசம் வெயிலில் காய்ந்து மூக்கை அரித்தது. உள்ளே பந்துச் சத்தம் தொடங்கியது. டக் என்று மேசையில், டொக் என்று மட்டையில், அப்புறம் தரையில் உருண்டு போகிற சத்தம், யாரோ எடுத்துக் கொடுக்கிற சத்தம். தரையில் உருண்டால் அது இவர் விட்டது. இப்போது மூத்திரப் பை எந்த அளவில் இருக்கும் என்று நினைத்தாள், கிளம்பும்போது காலி செய்தது, வழியில் மோர் குடித்தார், மோர் கொடுத்திருக்கக் கூடாது, குழாய் மடங்கியிருந்தால் யார் பார்ப்பார்கள், நிலோஃபர் பார்ப்பாளா, சின்னப் பெண், பார்த்தாலும் தெரியுமா, மடங்கினால் மூத்திரம் திரும்பி ஏறும், காய்ச்சல் வரும், குளிர் நடுக்கும், போன வருசம் வந்ததே. நினைத்துக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். இப்போது தன் முகம் எப்படி இருக்கும். இதைத்தான் சொன்னாளா. இதை நினைக்கிறபோது இருக்கிற முகத்தையா. அப்படியென்றால் எப்போதும் இந்த முகம்தான், இதை நினைக்காத நேரம் ஏது.

அவர் கூரை மேய்கிற ஆள். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு சிமெண்டு ஷீட் போடுவதில் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஷீட்டுமேல் பூனை மாதிரி நடப்பார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆணி அடிச்ச வரிசையிலதான் காலு வெக்கோணும், அதுக்கடியிலதான் சட்டம் இருக்கும், மத்த இடமெல்லாம் அப்பளம் என்று அவரே சொல்வார். அன்றைக்கு அப்பளத்தில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவளும் கேட்கவில்லை அவரும் சொல்லவில்லை. போன் வந்தபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், விழுந்துட்டாருங்க என்றதும் கை உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தாள், கட்டுப் போட்டால் எப்போது மறுபடி வேலைக்குப் போவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கை இரண்டும் நன்றாக இருந்ததைப் பார்த்து, நல்லவேளை என்று ஒரு நிமிசம் சிரித்தும்விட்டாள். டாக்டர் தன் வயிற்றின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுப்பது போலக் காட்டி, இதுக்குக் கீழ என்று சொல்லி நிறுத்தினார். அன்றிலிருந்து அந்தக் கோடு அவளுக்கும் இருக்கிறது. குளிக்கும்போது தொப்புளுக்குமேல் கை போகும், இங்கே முடிகிறார், இங்கேயிருந்து இல்லை என்று. முதல் வருசம் அவர் இடுப்புக்குப் பின்னால் காசு அளவுக்குக் கறுப்பு ஒன்று வந்தது. அவருக்கு வலி தெரியாது, அவளுக்குக் கண்ணில் படவில்லை. அது குழியாகிப் புண்ணாகி, விரலே உள்ளே போகும்போலாகி, மறுபடி ஆஸ்பத்திரி. அதற்கப்புறம்தான் அவள் கண் இப்படி ஆனது. தூக்கத்திலும் எழுந்து புரட்டிப் போட்டு விளக்கடித்துப் பார்க்கிற கண். சோறு போடும்போது பார்க்கிறது, துணி மடிக்கும்போது பார்க்கிறது. அவருக்குத் தெரியாத உடம்பை அவருக்காகத் தெரிந்துவைத்துக்கொள்கிற கண். அது இல்லாவிட்டால் அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பாரா. இந்த மூஞ்சிதானே காப்பாற்றியது, இந்த மூஞ்சியைத்தான் பார்க்க முடியவில்லையாம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. ராபர்ட்டின் சிரிப்பு என்று நினைத்தாள். இல்லை, ராபர்ட் வாயைத் திறந்து கடகடவென்று சிரிக்கிறவர். இது மூச்சு உள்ளே போய்த் திரும்பி வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் இருமல் மாதிரி க்கும் என்று முடிகிற சிரிப்பு. நாச்சிமுத்துவின் சிரிப்பு. இந்தச் சிரிப்பை அவள் கடைசியாகக் கேட்டது மகள் வைஷ்ணவி ஸ்கூட்டர் பழகின அன்றைக்கு. வண்டி நேரே போய் எதிர்வீட்டுக்காரர் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றுவிட்டது, அவள் இறங்கத் தோன்றாமல் ஹாரனை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள், இவர் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார், பால்காரன் மணியடித்துக்கொண்டு சுற்றிப் போனான். இப்போது வைஷ்ணவி ஓசூரில் கம்பெனி விடுதியில் இருக்கிறாள், போனில் அப்பா எப்படி இருக்காங்க என்று அம்மாவிடம்தான் கேட்பாள். இந்தச் சிரிப்புக்காகக் கலாமணி என்னவெல்லாம் செய்து பார்த்தாள். டிவியில் நகைச்சுவைக் காட்சியாகப் போட்டுவிட்டாள். அவர் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தாள், அவர்கள் போர்வைக்குள் இருந்த காலையே பார்த்துவிட்டு, வெசனப்படாதீங்க மாப்ள என்று சொல்லி எழுந்து போனார்கள். அவளே பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நடித்துக் காட்டினாள். அவர் சிரித்தார், அவளுக்காக உதட்டை இழுத்தார். கடனுக்கு வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு, அதற்கப்புறம் அவள் நடிக்கவில்லை. இங்கே ஒரு பந்து, இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்கிப்போகும், கோழி முட்டையைவிடச் சின்னது, அதற்குச் சிரிக்கிறார். பந்தின்மேல் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் இருப்பாளா என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

“அது உங்கூட்டுக்காரரா கண்ணு சிரிக்கறது” என்று பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது. பாப்பாத்தியக்கா. அவர் மகன் தங்கராசு பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன், வளர்ந்த ஆள், பெயர் கேட்டால் சொல்வான், வேறொன்றும் சொல்ல மாட்டான், உள்ளே கொட்டு கொடுத்தால் மட்டும் தாளம் தப்பாமல் அடிப்பான். பாப்பாத்தியக்கா சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியபடியே கேட்டார்.

“ஆமாங்கக்கா.”

“நல்ல சிரிப்பு. ஊட்லயும் இப்படிச் சிரிப்பாருங்களா.”

“சிரிப்பாருங்க” என்றாள்.

“எம் பையனுக்கு உள்ள போனா நானொருத்தி இருக்கறதே மறந்துரும். மொதல்ல எனக்கு அழுவாச்சியா வந்துது. இப்ப அவன் உள்ள போனதும் நான் தூங்கிருவன். ஊட்ல தூக்கமே கெடையாது கண்ணு. இங்கதான் தூங்கறன்” என்று சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே தூங்கிப்போனார், வாய் லேசாகத் திறந்துகொண்டது, செருப்பிலிருந்து ஒரு கால் வெளியே வந்து சிமெண்டின் குளிர்ச்சியில் பரவியது.

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் கலாமணி. இப்படித் தூங்க எத்தனை புதன்கிழமை ஆகும். தன்னால் முடியாது. தன்னை மறந்துவிட்டார் என்பதில் ஒரு தாய் தூங்கலாம், பெண்டாட்டி தூங்க முடியுமா. மறந்தால்கூடப் பரவாயில்லை, இது மறப்பது இல்லையே, பார்த்தால் உடம்பு ஞாபகம் வருகிறது என்றால் அவள் யார், அவருடைய பையா, குழாயா, புண்ணா. போன தீபாவளிக்கு முந்தின வாரமா அதற்கும் முன்னாலா, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், ஜன்னலில் மழைச்சாரல், அவர் வெட்டி முடித்த கையை எடுத்து அவள் தலையில் வைத்தார், வைத்து மெதுவாக வகிட்டோரம் விரலை ஓட்டினார். அத்தனை காலத்துக்கு அப்புறம். அவள் என்ன செய்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, சுடுகிறதா என்று பார்த்தாள். சுடுதுங்களே, காய்ச்சலாட்ட இருக்குதே, கண்ணு எரியுதுங்களா என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை. அவர் கை எப்போதும் சூடுதான், கல்யாணமான புதிதில் குளிர்காலத்தில் அந்தக் கைக்காகவே நெருங்கிப் படுப்பாள், அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்குத் தெரியவில்லை. அந்தக் கை அப்புறம் வரவில்லை. இன்றைக்குத்தான், இந்தச் சிமெண்டு பெஞ்சில், அது ஏன் வரவில்லை என்று தெரிகிறது. யாரோ ஒருவர் வந்து மூஞ்சியைப் பற்றி ஒரு வரி சொன்னதும் இத்தனை நாளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்து நானும் நானும் என்று நிற்கிறது.

மறுபடி சிரிப்பு. இந்த முறை பேச்சும் சேர்ந்து வந்தது, “அழுகுணி ஆட்டம் ஆடறாருங்க மேடம் இவுரு” என்று அவர் குரல், உரத்த குரல், கூரைமேலிருந்து கீழே நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல். அவளுக்கு உடம்பு எழுந்துவிட்டது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு தடவை, முகத்தைக் காட்டாமல் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கதவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது, அதில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். கதவின் விளிம்பில் விரலை வைத்துக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளினாள். மேசை தெரிந்தது, பச்சை. ராபர்ட்டின் முதுகு. அதற்கு எதிரே அவர். நெற்றியில் வியர்வையோடு முடி ஒட்டியிருந்தது, சட்டையின் முதல் பொத்தான் கழன்றிருந்தது, இடது கையால் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை மேசைமேல் அப்படியே சாய்த்து எட்டி எடுத்தார் ஒரு பந்தை. வீட்டில் தலையணை சரியாக இல்லாவிட்டால் ஒருபக்கமாகச் சரிந்துவிடுகிறவர். கீழ் உதட்டைக் கடித்திருந்தார். ஷீட்டில் ஆணி இறக்கும்போது கடிப்பார், தூக்குப் போசியில் சோறு கொண்டுபோன நாளில் கீழே நின்று பார்த்திருக்கிறாள். அவர்தான். அவர் எங்கேயும் போய்விடவில்லை, இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறார், அவள் நெஞ்சு அப்படியே வழிந்தது, கதவு அவள் அறியாமல் இன்னும் கொஞ்சம் திறந்தது, அவர் நிமிர்ந்தார்.

பார்த்தார். உதடு பல்லிலிருந்து விடுபட்டது. கடை சாத்துகிறபோது இரும்புக் கதவு இறங்குமே, அப்படி நெற்றியிலிருந்து கீழே ஒவ்வொன்றாக இறங்கி மூடியது. பந்து வந்து அவர் தோளில் பட்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவர் இரண்டு கையாலும் துண்டை இழுத்து மடியை மூடினார். “என்ன கலா” என்றார், மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு, “பை ரொம்பிருச்சா?”

“இல்லீங்க” என்றாள். “தண்ணி கேப்பீங்களோன்னு.”

“வேண்டா.”

கதவை மூடினாள். பெஞ்சுக்கு வந்தாளா கால் அதுவாகக் கொண்டுவந்து விட்டதா தெரியவில்லை. பை ரொம்பிருச்சா. கதவைத் திறந்தவளைப் பார்த்து ஒரு மனுசன் கேட்கிறான், பை ரொம்பிருச்சா. வேறெதற்கும் அவள் வருவாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி அவள் எப்போது வந்தாள். இருபது வருசத்துக்குமேல் குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, சண்டை போட்டு, ஒருத்தர் தட்டில் ஒருத்தர் கை வைத்துத் தின்று, கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மூத்திரப் பை. உள்ளே சத்தமில்லை. பந்துச் சத்தம் நின்றுவிட்டது. அவள் காதை அந்தப் பக்கமாகவே வைத்திருந்தாள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தங்கராசுவின் கொட்டு ஒரு தட்டு தட்டி நின்றது. வாளிக் காக்கா பறந்துவிட்டது, தண்ணீர் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஆரம்பியுங்கள் என்று சுவரைப் பார்த்து வேண்டிக்கொண்டாள், சாமியிடம் வேண்டுவது மாதிரி, ஆரம்பிச்சிருங்க, நான் போயிட்டேன், நான் இல்லை, நான் இங்கயே இல்லீங்க, ஆடுங்க. டக். அப்புறம் உருளும் சத்தம். மறுபடி டக், மறுபடி உருளல். விடுகிறார். அவளால்தான் விடுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தன் மூச்சுச் சத்தம் கேட்டால்கூட அவருக்கு உடம்பு ஞாபகம் வந்துவிடும்போல. டக், டொக். டக், டொக். டக். ஓடியது. இப்போது ஆட்டம் நிற்காமல் ஓடியது. அப்போதுதான் அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்தி அழுதாள், பக்கத்தில் பாப்பாத்தியக்கா எழுந்துவிடாதபடி.

நிலோஃபர் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவள் அவளைப் பார்த்துவிட்டு நின்றாள், பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “நல்லா ஆடறாருக்கா. மொத நாள் நெஞ்சுல பெல்ட் போடாம உக்காரவே மாட்டாரு, இப்ப பெல்ட் இல்லாம சாஞ்சு எடுக்கறாரு. எக்சர்சைஸ்ல இதயே பண்ணச் சொன்னா வலிக்குதும்பாரு. பந்து வந்தா அவருக்கே தெரியாமப் பண்ணிடறாரு. வீட்ல தூங்கறாருங்களா?”

“புதன்கெழம நல்லாத் தூங்குவாரு. இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு.” சொல்லிவிட்டுக் கலாமணி அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏம்மா, எம் மூஞ்சி அப்படி என்னம்மா பண்ணுது?”

அந்தப் பெண் பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள். “நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. எங்க அத்தாவுக்கு, அப்பாவுக்குக்கா, டயாலிசிஸ். எங்கம்மாதான் கூட்டிட்டுப் போவாங்க. அவங்க முகமும் இப்படித்தான் இருக்கும், கால் வீங்கியிருக்கா, தண்ணி அதிகமாக் குடிச்சாரான்னு. அத்தா கடசில அம்மாகூடப் பேசறதையே விட்டுட்டாரு. கோவமெல்லாம் இல்ல. என்ன பேசறதுன்னு தெரியல அவருக்கு.”

“பொறவு?”

“பொறவு என்னக்கா. மவுத்தாயிட்டாரு. அடக்கம் பண்ணிட்டோம்.” எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பி உள்ளே போகும்போது கலாமணியின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஆட்டம் முடிந்து அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது முகம் பழையபடி மூடித்தான் இருந்தது. செல்வன் ஆட்டோவைச் சரிவுப்பாதையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி உள்ளே வைத்தான், நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டினான். கலாமணி காலை எடுத்து உள்ளே வைத்தாள், குழாயைப் பார்த்தாள், பார்க்காமல் எப்படி இருப்பது, மடங்கவில்லை, பையில் பாதிதான். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ பெரிய ரோட்டுக்கு வந்தது. லாரிப் புகை, மில் சங்கு, கரும்புச்சாறு மிசினின் சலங்கை. அவர் தொண்டையைச் செருமினார். “வர்ற வாரத்துலருந்து அவிங்க வேனே ஊட்டுக்கு வருமாம். ஏத்தி எறக்க ஆளிருக்குது. நான் மட்டும் வந்துட்டுப் போறன்னு சொல்லிட்டன். நீ எதுக்கு அலையோணும்.”

“செரிங்க” என்றாள்.

செரிங்க என்று உடனே வந்துவிட்டது. அவள் அலைவதைப் பற்றி அவர் சொன்னது நிஜமாகவே அவளுக்காகத்தான் இருக்கலாம். இருக்கலாம். முதல் புதன்கிழமை வேன் போனதும் அந்த வீட்டில் என்ன செய்வது, எதைத் துடைப்பது, யாரைப் புரட்டுவது, காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு அதே சுவர்ப் பக்கம் திரும்பி அவள் உட்கார்ந்திருப்பாள். அவர் அங்கே சிரிப்பார். அந்தச் சிரிப்பு இனி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்காது. அவர் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்தவள் திரும்பவில்லை. திரும்பினால் மூஞ்சி. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ரோட்டுப் பக்கமாகவே வைத்துக்கொண்டாள், ஓடுகிற கடைகளைப் பார்த்தபடி, யாரையோ கேட்பது மாதிரி, “அந்த ராபர்ட்டு அழுகுணி ஆட்டமா ஆடறாரு” என்றாள்.

சிக்னலில் ஆட்டோ நின்றது, புறப்பட்டது. முதுகுப் பக்கமிருந்து மெதுவாக வந்தது அவர் குரல். “பந்து மேசை ஓரத்துல படாமயே பட்டுதுங்கறான்.” அவள் ம் என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. “நாம் பாத்தனே. பட்டா ஓரத்துல வேற சத்தம் வரும், அது வரல. ஷீட்டத் தட்டித் தட்டிக் கேட்ட காது எனக்கு, என்னய ஏமாத்த முடியுமா.” “முடியாதுங்க.” “அதுக்கு ஒரு பந்து போட்டன் பாரு, இந்தாண்டை போற மாதிரிக் காட்டி அந்தாண்டை.” கை காற்றில் வீசியது அவள் தோளில் உரசியதில் தெரிந்தது. சூடான கை. திரும்பவில்லை. வலது கண்ணிலிருந்து வழிந்து மோவாய்க்கு வந்துவிட்டது, அது அவருக்குத் தெரியாத பக்கம், துடைக்கக் கையைத் தூக்கினால் தெரிந்துவிடும், காற்று துடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பை இப்போது முக்காலுக்கு வந்திருக்கும், கை அதுவாகக் கீழே போகப் பார்த்தது, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “கேக்கறயா?” என்றார். “கேக்கறனுங்க. சொல்லுங்க.” அவர் சொன்னார். ராபர்ட் ஆட்டம் ஆடுவதற்கு முன்னால் மட்டைக்கு முத்தம் கொடுப்பானாம், நிலோ மேடத்துக்கு எண்ணிக்கையே தெரியாதாம், வைஷ்ணவி வந்தால் அவளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம். வீட்டுக்குத் திரும்புகிற மளிகைக் கடை முக்கு தெரிந்தது. செல்வன் வேகத்தைக் குறைத்தான். இங்கே திரும்பினால் வீடு, இறக்க வேண்டும், கட்டில், துணி, பை, மூஞ்சி.

“செல்வா, நேராப் போ. ரயில்வே கேட்டு வழியாப் போயிறலாம்.”

“அதுல எதுக்குங்கக்கா, இந்நேரம் கேட் போட்டிருப்பாங்க. சும்மா நிக்கோணும்.”

“போட்டிருந்தாப் போட்டிருக்கட்டும். போ.”

நாச்சிமுத்து எதையும் கவனிக்கவில்லை, கடைசிப் பந்தை எப்படி எடுத்தார் என்பதில் இருந்தார். ஆட்டோ முக்கைத் தாண்டியது. தூரத்தில் கேட் இறங்கிக்கொண்டிருந்தது.